வண்டியோட வயசைப் பார்க்காதே! வண்டியோட தரத்தைப் பார்!

தலையங்கம்

  

காட்டூர், சர்க்கார்பாளையம், வேங்கூர், கூத்தைப்பார் என்று உய்யக்கொண்டான் தண்ணீர் பாயும் ஊர்களில் இன்றைக்கு எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரே பேச்சுதான். "வண்டிக்கு எஃப்.சி. முடியுதுங்க, என்ன பண்றதுன்னு தெரியலை." தண்ணீர் வந்ததா, உரம் கிடைத்ததா, கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடுத்தார்களா என்ற கவலையெல்லாம் போதாதென்று, இப்போது இந்தக் கவலையும் சேர்ந்துவிட்டது.

நாம் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வண்டியைச் சோதிக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. பிரேக் பிடிக்காத வண்டி ரோட்டில் போகட்டும் என்று எந்த விவசாயியும் கேட்கவில்லை. அந்த ரோட்டில்தான் நம் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். சோதனை செய், தாராளமாகச் செய். ஆனால் வண்டி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல். வண்டி பிறந்த வருஷத்தைப் பார்த்து எங்கள் மடியில் கை வைக்காதே!

யாருடைய வண்டி இது?

2005-ல் டாடா கம்பெனி 'ஏஸ்' என்ற சின்ன சரக்கு வண்டியை இறக்கியது. நம் மக்கள் அதற்குக் 'குட்டியானை' என்று பேர் வைத்தார்கள். மாட்டு வண்டியில் விடிய விடிய காந்தி மார்க்கெட்டுக்குப் போன காய்கறியும் வாழைத்தாரும் அதற்குப் பிறகுதான் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர ஆரம்பித்தன. லாரி வாடகை கொடுக்க முடியாதவன், நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி, மாசாமாசம் தவணை கட்டி வாங்கிய வண்டி அது. முதன்முதலில் வந்த குட்டியானைகள் 2025-லேயே 20 வயதைத் தாண்டிவிட்டன. 2010 வாக்கில் வாங்கியவை 15-ஐத் தாண்டிவிட்டன. டி.என்.45 என்று ஆரம்பிக்கும் பழைய நம்பர் பலகையோடு ஓடும் வண்டிகளில் பல இப்படிப்பட்ட கைகளில்தான் இருக்கின்றன என்பது ரோட்டில் நின்று பார்க்கிற யாருக்கும் தெரியும்.

டிராக்டர் கதையும் இதேதான். புது டிராக்டருக்கு ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் குறைத்த பிறகும் லட்சக்கணக்கில்தானே விலை? மூன்று ஏக்கர் வைத்திருப்பவன் மூன்றாவது கை, நாலாவது கை டிராக்டர்தான் வாங்குவான். அவனுக்கு வண்டி வந்து சேரும்போதே அதற்கு வயதாகிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பலருக்கு இதில் குழப்பம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம்.

குட்டியானை, சரக்கு ஆட்டோ, லாரி எல்லாம் சரக்கு வண்டிகள். நம்ம சொந்த வாழைத்தாரையே ஏற்றினாலும் சட்டத்தின் கண்ணில் அது போக்குவரத்து வண்டிதான். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 56-வது பிரிவுப்படி இந்த வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டாயம். வண்டிக்கு 8 வயது ஆகும் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. 8 வயது தாண்டினால் வருஷா வருஷம். எஃப்.சி. இல்லாவிட்டால் அந்த வண்டிக்கு ஆர்.சி.யே இல்லாத மாதிரிதான் சட்டம் பார்க்கும். முதல் தடவை பிடிபட்டால் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. எஃப்.சி. இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் கம்பெனி அதையே காரணம் காட்டிக் கையை விரிக்கப் பார்க்கும். நஷ்டஈடு நம் நிலத்தின் மேல் வந்து விழும்.

விவசாய டிராக்டர் வேறு கணக்கு. மத்திய மோட்டார் வாகன விதியிலேயே 'விவசாய டிராக்டர் போக்குவரத்து வண்டி அல்ல' என்று எழுதியிருக்கிறது. அதனால் வருஷா வருஷம் எஃப்.சி. கிடையாது. ஆனால் ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான். அதற்குப் பிறகு வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. முடிவதற்கு 60 நாள் முன்பிலிருந்தே படிவம் 25-ல் விண்ணப்பம் கொடுக்கலாம். கடைசி நாள் வரை வைத்திருந்து அல்லாட வேண்டாம். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அதே டிராக்டரில் வாடகைக்குச் செங்கல்லும் மணலும் ஏற்றினால் விவசாய டிராக்டர் என்ற பாதுகாப்பு போய்விடும்.

கட்டணமா, தண்டனையா?

இப்போது விஷயத்துக்கு வருவோம். 2016 டிசம்பரில் வந்த விதிப்படி எஃப்.சி. சான்றுக்குக் கட்டணம் 200 ரூபாய். சோதனைக் கட்டணம் தனியாகச் சில நூறு ரூபாய். யாரும் முணுமுணுக்காமல் கட்டினோம். 2022 ஏப்ரல் 1 முதல், 15 வயது தாண்டிய வண்டிக்கு மட்டும் அந்த 200-ஐ எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தினார்கள். மூன்று சக்கர வண்டிக்கு 3,500. குட்டியானை மாதிரி இலகு ரக வண்டிக்கு 7,500. கனரக வண்டிக்கு 12,500. நாள் தவறினால் தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 50 ரூபாய்.

அதோடு விட்டார்களா? 2025 நவம்பரில் மறுபடியும் விதியைத் திருத்தினார்கள். கூடுதல் கட்டணம் ஆரம்பிக்கும் கோட்டை 15 வயதிலிருந்து 10 வயதுக்கு இறக்கினார்கள். 20 வயது தாண்டிய மூன்று சக்கர வண்டிக்கு 7,000, இலகு ரகத்துக்கு 15,000, கனரகத்துக்கு 25,000 என்று அறிவிக்கை வந்தது. டிராக்டர் வைத்திருப்பவரும் தப்பவில்லை. 600 ரூபாயாக இருந்த ஆர்.சி. புதுப்பிப்புக் கட்டணம் இலகு ரகக் கணக்கில் 2022-ல் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய வண்டிக்கு 10,000 ஆனது.

நாம் கேட்கிறோம். 20 வயது வண்டியைச் சோதிக்க இன்ஸ்பெக்டருக்கு 75 மடங்கு அதிக நேரமா ஆகிறது? அதே பிரேக், அதே லைட், அதே புகைக் குழாய்தானே? அப்படியானால் 200 ரூபாய் சான்று 15,000 ஆனது எந்தக் கணக்கில்?

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். கம்பெனிச் சரக்கு ஏற்றும் வண்டி வருஷத்தில் முந்நூறு நாளுக்கு மேல் ஓடும். விவசாயியின் குட்டியானை அறுவடை சமயத்திலும், தார் வெட்டும் நாளிலும், சந்தை நாளிலும்தான் வெளியே வரும். வருஷத்துக்கு நூறு நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15,000 ரூபாயை நூறால் வகுத்தால், ஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு நாளும் 150 ரூபாய் எஃப்.சி.க்கு மட்டும் போகிறது. இதற்கு மேல் டீசல், இன்சூரன்ஸ், பசுமை வரி, ரிப்பேர். குறைவாக ஓடிய வண்டி குறைவாகத்தான் தேயும். குறைவாகத்தான் புகை விடும். ஆனால் கட்டணமோ வயதை மட்டும்தான் பார்க்கிறது. ஷெட்டில் சாக்குப் போட்டு மூடி வைத்த வண்டிக்கும், இரவு பகலாக ஓடி நொந்துபோன வண்டிக்கும் ஒரே கட்டணம். இது என்ன நியாயம்?

"பழைய வண்டியால் காற்று கெடுகிறது, அதை உடைக்கத்தானே இந்தக் கட்டணம்" என்று சிலர் சொல்கிறார்கள். அதற்கும் பதில் சொல்கிறோம். புகை அதிகமா குறைவா என்று சொல்ல மெஷின் இருக்கிறது. பி.எஸ்.4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிஜ் அலகு, பி.எஸ்.4 வண்டிக்கு 50 என்று அளவும் இருக்கிறது. அளவு தாண்டினால் நிறுத்து, நாங்கள் தடுக்க மாட்டோம். அளவுக்குள் இருக்கும் வண்டியை எதற்குத் தண்டிக்கிறாய்? 59-வது பிரிவுப்படி வண்டிகளுக்கு ஆயுள் வரம்பு நிர்ணயிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு. ஆனால் நாடு முழுக்க 15 வயதில் வண்டியை உடைத்தே ஆக வேண்டும் என்று ஒரு வரம்பு போடவில்லை. 2021-ல் கொண்டுவந்த பழைய வாகன உடைப்புக் கொள்கையும் பேரளவில் 'விருப்பப்பட்டால்' என்றுதான் சொல்கிறது. உடைத்தால் கிடைப்பது புது வண்டி விலையில் 4 முதல் 6 சதவீதம். அதை வைத்துப் புது வண்டிக்கு டயர் வாங்கலாம், வண்டி வாங்க முடியாது. நேராக உடை என்று சொல்லத் தைரியம் இல்லாமல், கட்டணத்தை ஏற்றி ஏற்றி நம் கையாலேயே உடைக்க வைக்கும் வேலை இது!

ஆனால் நம் பக்கமும் சுத்தமாக இருக்கணும்

பெருமக்களே, இங்கே ஒரு கசப்பான விஷயத்தைப் பேசியாக வேண்டும். எஃப்.சி. அன்றைக்கு மட்டும் நல்ல டயரை வாடகைக்கு வாங்கி மாட்டி, காட்டிவிட்டு வந்து கழற்றிக் கொடுக்கும் பழக்கம் நாடெங்கும் இருக்கிறது. தீயணைப்புக் குப்பியைக்கூட ஒரு நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள். புரோக்கரிடம் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, "வண்டியைப் பார்க்காமலே முடிச்சுட்டேன்" என்று பெருமை பேசுபவர்களும் உண்டு.

இது யாரை ஏமாற்றும் வேலை? வழுக்கை டயரில் தார் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் ரோட்டில் போகப் போவது அதிகாரி அல்ல, நம் தம்பிதான். காட்டூர் வழியாகப் போகும் அந்த நெடுஞ்சாலையில் பஸ்ஸும் டாரஸ் லாரியும் அசுர வேகத்தில் பறக்கின்றன. பால்பண்ணை முதல் துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு வேண்டும் என்பது இந்தப் பகுதி மக்களின் பல வருஷக் கோரிக்கை. அந்த ரோட்டில் இருட்டிய பிறகு பின்னால் ஒரு சிவப்பு லைட்கூட இல்லாமல் கரும்போ வைக்கோலோ ஏற்றிப் போகும் டிரெய்லரை நினைத்துப் பாருங்கள். எஃப்.சி. தாள் பையில் இருந்தால் மட்டும் பின்னால் வருகிறவனுக்கு அது தெரியுமா?

அதனால் நாம் சொல்கிறோம். வண்டியை நேர்மையாகத் தயார் செய்வோம். தயாரான வண்டியை நிமிர்ந்து நின்று காட்டுவோம். குறை இல்லாத வண்டியிடம் புரோக்கருக்கு என்ன வேலை? நம் வண்டியில் இருக்கும் ஓட்டைதான் அவனுக்கு வருமானம்.

எஃப்.சி.க்கு வண்டியைத் தயார் செய்வது எப்படி?

ஒன்றரை மாதம் முன்பே தாள்களை எடுத்துப் பாருங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், வரி, பசுமை வரி, புகைச் சான்று எல்லாம் நடப்பில் இருக்கிறதா? பி.எஸ்.4-க்கு முந்தைய வண்டிக்குப் புகைச் சான்று ஆறு மாசம்தான் செல்லும். பழைய அபராதம் ஏதாவது ஆன்லைனில் நிற்கிறதா என்றும் பாருங்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. அதைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் ஏமாற வேண்டாம்.

ஒரு மாதம் முன்பு பட்டறைக்கு விடுங்கள். முதல் வேலை பிரேக். பின் சக்கர டிரம்மைக் கழற்றச் சொல்லி நேரில் நின்று பாருங்கள். வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் நனைந்திருந்தால் துடைத்துப் போட்டுச் சமாளிக்காதீர்கள், மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுசு ஊற்றுவது நல்லது. ஹேண்ட் பிரேக் ஏற்றத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறதா என்று வாய்க்கால் பாலத்துச் சரிவிலேயே நிறுத்திப் பார்க்கலாம். ஸ்டியரிங்கில் ஆட்டம் இருந்தால் டை ராடு எண்ட், கிங் பின் இரண்டையும் பாருங்கள். அவற்றில் வெல்டிங் வைத்து ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். பட்டையில் ஒரு தகடு உடைந்திருந்தாலும் பாரம் ஏற்றும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டயர். நாலு சக்கர வண்டிக்கு டயர் பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மூன்று சக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர். டயர் பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு சின்ன மேடு இருக்கும். பூ தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. வாடகை டயருக்குக் கொடுக்கும் காசை இரண்டு எஃப்.சி.க்குச் சேர்த்துப் பாருங்கள். சொந்த டயர் விலையில் ஒரு பகுதி அதில் வந்துவிடும்.

புகை. கறுப்புப் புகை வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள். நம் களத்துத் தூசியும் வைக்கோல் பொடியும் அதைத்தான் முதலில் அடைக்கும். அதற்கும் சரியாகவில்லை என்றால் நாசிலையும் டீசல் பம்பையும் சோதிக்க வேண்டும். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அது ரிங் வேலை. முன்கூட்டியே தெரிந்தால்தான் பணம் புரட்ட அவகாசம் கிடைக்கும்.

இரண்டு வாரம் முன்பு லைட்டும் உடம்பும். ஹெட் லைட் டிம்மும் பிரைட்டும், இன்டிகேட்டர், பிரேக் லைட், ரிவர்ஸ் லைட், நம்பர் பலகை லைட், வைப்பர், ஹாரன், கண்ணாடி ஒவ்வொன்றையும் ஒருவர் உள்ளே உட்கார்ந்து போட, ஒருவர் வெளியே நின்று பாருங்கள். பல குரல் ஏர் ஹாரன் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஒளிரும் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. பாடிக்கு மேல் பலகை கட்டி உயர்த்தியிருந்தால் இறக்குங்கள், அது வண்டியை மாற்றியமைத்த குற்றத்தில் வரும். எடை விவரங்கள் பெயிண்டில் படிக்கிற மாதிரி இருக்கட்டும். முதலுதவிப் பெட்டியில் காலாவதியான மருந்து வேண்டாம்.

சேசிஸ் நம்பர். பழைய வண்டியில் பலரைத் திருப்பி அனுப்புவது இதுதான். துருவும் சேறும் சேர்ந்து நம்பர் தெரியாமல் போயிருக்கும். டீசல் துணியால் ஊற வைத்து மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நம்பரே அழிந்து, திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் வந்துவிடும். ஆர்.சி.யில் உள்ள நம்பரோடு ஒரு எழுத்து விடாமல் ஒப்பிட்டு வையுங்கள்.

டிராக்டர்காரர்களுக்கு மூன்று விஷயம். வயலில் திருப்புவதற்காக இடது வலது பிரேக் தனித்தனியாக இருக்கும். ரோட்டுக்கு ஏறும்போது இரண்டு பெடலையும் கொக்கி போட்டு இணைத்தே ஆக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் டிராக்டர் கவிழும். அந்தக் கொக்கி உங்கள் வண்டியில் இருக்கிறதா? இரண்டாவது, சேற்று உழவுக்குப் போடும் இரும்புச் சக்கரத்தோடு தார் ரோட்டில் ஏறாதீர்கள். மூன்றாவது, டிரெய்லருக்குப் பின் லைட் ஒயர், சிவப்பு ஒளிர்பட்டை, கொக்கி பின்னுக்குப் பூட்டு ஊசி. இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு ஒரு நாள் டீசல் செலவுகூட இராது.

சோதனை மைதானத்தில் நம் உரிமை

வண்டியைக் கழுவி, பாரம் இறக்கி, காலையிலேயே போங்கள். கட்டணத்தை ஆன்லைனில் கட்டி ரசீதைக் கையில் வையுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டரிடம் மரியாதையாகப் பேசுங்கள். அவரும் ஒரு நாளைக்கு எத்தனையோ வண்டி பார்ப்பவர். நேர்மையான அதிகாரிகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு நாமும் நேர்மையாக இருப்பதுதான் துணை.

ஆனால் வண்டியை நிராகரித்தால் தலையைச் சொறிந்துகொண்டு புரோக்கரைத் தேடாதீர்கள். அதே 56-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சான்று தர மறுத்தால், மறுத்ததற்கான காரணத்தை எழுத்து மூலமாக வண்டி உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும். இது அவர்கள் போடும் பிச்சை அல்ல, சட்டம் நமக்குக் கொடுத்த உரிமை. "ஐயா, என்ன குறைன்னு எழுதிக் குடுங்க, சரி பண்ணிட்டு வர்றேன்" என்று அமைதியாகக் கேளுங்கள். எழுதிக் கொடுத்த குறையைச் சரி செய்துவிட்டால், அடுத்த தடவை புதுக் குறை கண்டுபிடிப்பது கஷ்டம். எழுத்து இல்லாத இடத்தில்தான் கைமாற்று நடக்கும். முடிவு அநியாயம் என்று பட்டால் 57-வது பிரிவுப்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

மெஷினே சோதனை செய்யும் தானியங்கி நிலையங்களுக்கு 2021 செப்டம்பரில் மத்திய அரசு விதி போட்டது. உருளை மேல் சக்கரத்தை ஏற்றி பிரேக்கை அளக்கும் மெஷின் கைக்கூலி கேட்காதுதான். ஆனால் அதை நடத்துபவர் லாபத்துக்கு நடத்தும் தனியார் என்றால், காரணத்தை எழுதிக் கொடுப்பதும் மேல்முறையீடும் அங்கேயும் கறாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புரோக்கர் போய்க் கம்பெனி வந்த கதையாகிவிடும்.

போராடினால் நடக்குமா?

நடக்கும். நடந்திருக்கிறது. 2017-ல் 'விவசாய டிராக்டர் போக்குவரத்து வண்டி அல்ல' என்ற அந்த ஒரு வரியை விதியிலிருந்து எடுத்துவிட மத்திய அரசு வரைவு வெளியிட்டது. அந்த வரி போயிருந்தால், ஒவ்வொரு டிராக்டருக்கும் வரியும் எஃப்.சி.யும் வந்து குவிந்திருக்கும். வடக்கே விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். அந்த வருஷம் டிசம்பரில் ஹரியானாவின் ஹிசார் தொகுதி எம்.பி. துஷ்யந்த் சௌதாலா டிராக்டரை ஓட்டிக்கொண்டே நாடாளுமன்றத்துக்குப் போனார். கடைசியில் அரசு பின்வாங்கியது. அந்த ஒரு வரி விதிப் புத்தகத்தில் அப்படியே நிற்கிறது. நம்மை இன்றைக்கும் காப்பாற்றுகிறது. எங்கோ இருக்கும் விவசாயி அன்றைக்குக் குரல் கொடுத்ததால்தான், காட்டூர் டிராக்டருக்கு இன்றைக்கு வருஷா வருஷம் எஃப்.சி. இல்லை. இந்த நன்றிக் கடனை நாம் எப்படி அடைப்பது? நம் முறை வரும்போது நாமும் குரல் கொடுத்துத்தான்!

நம் கோரிக்கைகள்

1. எஃப்.சி., ஆர்.சி. புதுப்பிப்புக் கட்டணத்தை வண்டியின் வயதை வைத்து ஏற்றிய 2022, 2025 திருத்தங்களை மத்திய அரசு திரும்பப் பெற வேண்டும். சோதனைக்கு ஆகும் செலவை மட்டும் கட்டணமாக வாங்க வேண்டும்.

2. இதற்காகத் தமிழக அரசு மத்திய அரசுக்கு அழுத்தம் கொடுக்க வேண்டும். சிறு, குறு விவசாயிகளின் பழைய வண்டிகளுக்குப் பசுமை வரியில் விலக்கு தர வேண்டும்.

3. அறுவடைக் காலத்தில் எஃப்.சி. முடியும் விவசாயிகளின் வண்டிகளுக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் என்ற தாமதக் கட்டணம் கூடாது.

4. திருவெறும்பூர், லால்குடி, முசிறி போன்ற ஊர்களில் குறுவைக்கு முன்பு டிராக்டர், டிரெய்லர் சோதனை முகாம் நடத்த வேண்டும். ஒளிர்பட்டையை முகாமிலேயே இலவசமாக ஒட்டித் தர வேண்டும்.

5. எல்லாச் சோதனை இடங்களிலும் கட்டண விவரத்தைத் தமிழில் பெரிய பலகையில் எழுதி வைக்க வேண்டும். நிராகரிப்புக் காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

6. பால்பண்ணை - துவாக்குடி சாலையில் மெதுவாகப் போகும் வண்டிகளுக்குப் பாதுகாப்பான தனிப் பாதை வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஒவ்வொரு கிளையும் இந்த மனுவோடு வர வேண்டும். மனுவோடு, போன தடவை கட்டிய கட்டண ரசீதின் நகலையும் இணையுங்கள். நூறு ரசீது மேஜையில் விழுந்தால் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதே நேரத்தில், ஒவ்வொரு கிளையும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் மரத்தடியில் வண்டிப் பார்வை நடத்துவோம். நம் ஊர் மெக்கானிக் ஒருவரை அழைத்து, எஃப்.சி. நெருங்கும் வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்ப்போம். குறையை ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். எழுத்தில் காரணம் கொடு என்று அரசைக் கேட்கும் நாம், அதை முதலில் நம் மரத்தடியில் செய்து காட்டுவோம்.

வாடகை டயரில் வாங்கிய எஃப்.சி. நமக்கு வேண்டாம். வயதைக் காட்டி வாங்கும் கட்டணமும் நமக்கு வேண்டாம். வண்டியை ஒழுங்காக வைப்பது நம் கடமை. அதை நியாயமாகச் சோதிப்பது அரசின் கடமை. நம் கடமையை முடித்துவிட்டு, அரசின் கடமையைக் கேட்கப் புறப்படுவோம்.

மைய அரசே! மாநில அரசே!
வயதுக்குக் கட்டணம் வேண்டாம், தரத்துக்குச் சான்று கொடு!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!